கடிதமும் கையெழுத்தும்

பெரியோர் ஒருவர் எழுதிய கடிதத்தை அச்சில் படிக்கும்போது அவர்தம் கருத்தை அறிகின்றோம். அதனையே அவர் கையெழுத்தில் காணும்போதோ, அவரையே நேரிற் கண்டாற்போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. அச்செழுத்து யாவர்க்கும் பொது. கையெழுத்து ஒருவர்க்கே உரியது. எழுதியவரின் விரைவும் நிதானமும், ஊக்கமும் சோர்வும் அதன் சாய்விலும் அழுத்தத்திலும் புலனாகும். இதற்குக் காந்தியடிகளின் கையெழுத்து நல்லதொரு சான்றாகும்.

காந்தியடிகளின் கையெழுத்து அழகியதன்று. கல்விக்கு நல்ல கையெழுத்து இன்றியமையாததன்று என்று அவர் இளமையில் எண்ணியிருந்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர்களும், அங்கே பிறந்து கற்ற இளைஞர்களும் முத்துக் கோத்தாற்போல எழுதக் கண்டு நாணினார். தம் எழுத்தைத் திருத்த முயன்றார். காலம் கடந்துவிட்டமையால் அது கைகூடவில்லை. இக்குறையை அவர் மறைத்தாரல்லர். பிறர் தம்மைப் பார்த்துத் திருந்துமாறு தம் வரலாற்றிலேயே எழுதி வைத்தார். பூவையும் பறவையையும் உற்று நோக்கி வரைவதுபோலவே குழந்தைகள் எழுத்தின் வடிவத்தையும் நோக்கி அறிதல் வேண்டும். ஓவியம் பயின்ற பின்னரே எழுதப் பயிலுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. எழுத்தும் ஓர் ஓவியமே என்பதை அவர் பட்டறிந்து உணர்ந்தார்.

எனினும், அழகில்லாத அவ்வெழுத்தில் வேறோர் அழகு உண்டு. 1909ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்புகையில், 'இந்திய சுயராஜ்யம்' என்னும் நூலைப் பத்தே நாளில் அவர் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கை எழுதுகோலை ஏந்திற்று. 275 பக்கங்களுள் ஏறத்தாழ 40 பக்கங்கள் இடக்கை எழுதியவை. பிற்காலத்தில் வலக்கை நோவுற்றபோது கடிதங்களையும் அவ்வாறே எழுதினார். தமக்கு வந்த கடித உறைகளைப் பிரித்து, அவற்றின் வெற்றுப் பக்கத்திலும் எழுதினார். தம்முடன் சிறை புகுந்த தமிழர்பால் கொண்ட அன்பினால் தமிழெழுத்தைக் கற்று, 'மோ.க.காந்தி' எனத் தமிழில் கையொப்பமிட்டதும் உண்டு. தளராமை, சிக்கனம், அன்பு ஆகிய மூன்றும் அவர் கைப்பட எழுதிய தாள்களிலே காட்சியளிக்கின்றன அன்றோ?

கடிதம் எழுதுவோர் தெளிவுற எழுதுதல், அதனைப் படிப்போர்க்குச் செய்யும் மரியாதையாகும். காந்தியடிகளுக்குக் காலம் கடந்த பின் வந்த உணர்வு, மாணவர்க்கு இளமையிலேயே வாய்த்திருக்கின்றது. அதனைக் கைக்கொண்டு, நாள்தோறும் சிறிது நேரமேனும் கையெழுத்துப் பழகுதல் நன்று.