அஸ்ஸூஃபி கண்ட சிறு மேகம்

டிசம்பர் மாதத்து நிலவில்லாத இரவு. இஷா தொழுதுவிட்டு, திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் ஒரு மொட்டை மாடியில் பிள்ளைகளோடு நில்லுங்கள். கிழக்கே கார்த்திகைக் கூட்டம் தெரியும், அரபியில் துரையா. அதற்குக் கீழே செந்நிறமாய் இருப்பது ரோகிணி. கார்த்திகைக்குப் பின்னால் உதிப்பதால் அரபிகள் அதற்கு 'அத்தபரான்', அதாவது பின்தொடர்வது, என்று பெயரிட்டார்கள். மேல்நாட்டாரும் இன்றுவரை அல்டிபரான் என்றே சொல்கிறார்கள்.

ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம். ரோகிணியின் ஒளி வர சுமார் 65 வருடம். பாட்டியார் சிறுமியாயிருந்தபோது புறப்பட்ட ஒளியைத்தான் பேரன் இன்று பார்க்கிறான்.

இவையெல்லாம் நம் பால்வீதிக்குள் இருப்பவை. வடக்கே, மலைக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்கும் ஆந்திரமேடாவோ வேறொரு நட்சத்திர மண்டலம். 25 லட்சம் ஒளியாண்டு தூரம். அதை இஸ்ஃபஹானில் இருந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964-ல் 'சிறு மேகம்' என்று எழுதிவைத்தார். தொலைநோக்கியா? அன்று ஏது! வெறுங்கண்தான்.

நமக்கு அது தென்படாததற்குத் தெருவிளக்கே காரணம். ஜவ்வாது மலையின் இருட்டை நாடித்தான் காவலூரில் 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். நீங்களும் மாடி விளக்கை அணைத்து, கால் மணி நேரம் கண்ணைப் பழக்கிவிட்டுத் தேடுங்கள்.