எட்டு அல்ல, நான்கு: கொல்கத்தாவில் இலவச மொழிக் கருவிகளுடன் மூன்றாண்டுகள்

கொல்கத்தாவுக்கு மாற்றல் ஆணை வந்த நாளில் நான் அறிந்திருந்த வங்காளச் சொற்கள் இரண்டே. இரண்டும் இனிப்புகளின் பெயர்கள். லேக் மார்க்கெட் பக்கத்தில் வாழையிலையும் காபித்தூளும் தடையின்றிக் கிடைப்பதால் வீட்டில் மொழிச் சிக்கல் எழவில்லை. கிளையில் எழுந்தது. முதல் வாரத்திலேயே பணம் எடுக்கும் படிவம் ஒன்றை எட்டாயிரம் ரூபாய் என்று படித்து, உரக்கவும் சொல்லிவிட்டேன். அருகில் இருந்த காசாளர் அம்மையார் படிவத்தை எட்டிப் பார்த்து, "அது நான்காயிரம், சார்" என்றார்.

வங்காள எழுத்தில் நான்கு என்னும் எண், நாம் பழகிய எட்டின் வடிவத்திலேயே இருக்கும். வங்காள ஏழோ நம் ஒன்பதைப் போலத் தோன்றும். கொல்கத்தாவில் வாழ வரும் தமிழர் எவரும் எழுத்துகளைக் கற்கும் முன் இந்த இரண்டு எண்களைக் கற்றுக்கொள்வது நல்லது. கடைப் பலகையிலும் ரசீதிலும் இவை எதிர்ப்படும். காசோலையை வட்டார மொழியிலும் எழுதலாம் என்பதால் வங்கியிலும் எதிர்ப்படும். எண்ணாலும் எழுத்தாலும் குறித்த தொகைகள் வேறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18, கூறுகிறது. கல்லூரியில் வணிகவியல் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த பிரிவு அது. அதன் அருமை கொல்கத்தாவில்தான் விளங்கிற்று.

அன்று மாலையே கைப்பேசியில் மொழிக் கருவிகளைத் தேடத் தொடங்கினேன். வாடிக்கையாளர்கள் பலரும் வேலைக்காகவோ, மருத்துவத்துக்காகவோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேற்று மாநிலம் செல்பவர்கள். ஆகவே என் அனுபவத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கட்டணமின்றிக் கிடைப்பவை

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழும் வங்காளமும் 2011 ஜூன் மாதத்தில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டன. இந்திய அரசின் பாஷிணி 2022-இல் வந்தது. தட்டச்சு செய்தும், பேசியும், பலகையைப் படம் பிடித்தும் பொருள் அறியலாம். கூகுள் செயலியில் தமிழ், வங்காள மொழிக் கோப்புகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் தட்டச்சு செய்து மொழிபெயர்க்க முடியும். தொடர்வண்டிப் பயணத்தில் இது பெரிதும் உதவும். மத்திய கல்வி அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட பாஷா சங்கம் செயலி, அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அன்றாடப் பயன்பாட்டுக்கான நூறு வாக்கியங்களைக் கற்பிக்கிறது. நான் தொடங்கியது அதில்தான். தினமும் ஐந்து வாக்கியங்கள் என்று வைத்துக்கொண்டேன். சில நாள் இரண்டோடு நின்றதும் உண்டு.

கருவியிடம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தமிழில் நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவோம். "நேற்றே கொடுத்தாயிற்று" என்றால் கேட்பவருக்குப் புரியும்; கருவிக்கு யார், யாருக்கு, எதை என்று எதுவும் தெரியாது. "நான் நேற்று உங்களிடம் படிவத்தைக் கொடுத்தேன்" என்று முழுமையாக, ஒரு நேரத்தில் ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வந்த வங்காள வாக்கியத்தை மீண்டும் தமிழாக்கிப் பார்ப்பதும் நல்ல வழக்கம். பிழைகளில் பாதியாவது அங்கேயே தெரிந்துவிடும்.

எஞ்சிய பாதிதான் சிக்கல். வங்காளத்தில் "கால்" என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கொண்டே எது என்று அறிய வேண்டும். வாடிக்கையாளர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டால், கட்டிய தவணை கட்டப்போகும் தவணையாகிவிடும். மரியாதைச் சொல்லும் அப்படியே. வங்காளத்தில் முன்னிலைக்கு ஆப்னி, துமி, துய் என மூன்று படிகள் உண்டு. கருவிகள் பலவும் ஆங்கிலத்தை இடைவழியாகக் கொண்டு பழகியவை. ஆங்கிலத்திலோ நீ, நீங்கள் என்ற வேறுபாடே இல்லை. நாம் "நீங்கள்" என்று எழுதினாலும் மறுகரையில் "துமி" என்று போய்ச் சேரலாம். எழுபது வயதுப் பெரியவரைத் "துமி" என்று அழைத்தால் அவர் முகம் மாறும். ஆகையால் "ஆப்னி" என்ற சொல்லின் எழுத்து வடிவத்தை மட்டுமாவது கண்ணுக்குப் பழக்கிக்கொண்டேன்.

இரண்டு மைத்துனர்கள்

இரண்டாம் ஆண்டில் நடந்ததை, அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவரை இழந்த முதிய பெண்மணி ஒருவர், அவர் பெயரிலிருந்த வைப்புத்தொகையைக் கேட்டு வங்காளத்தில் கடிதம் கொடுத்தார். கணக்கில் நியமனதாரர் இல்லை. அன்று காசாளர் அம்மையார் விடுப்பு. பெயர், கணக்கு எண் எவற்றையும் சேர்க்காமல் நடுப்பகுதியை மட்டும் ஒரு செயலியில் இட்டுப் பார்த்தேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன் என்று இன்றும் ஆறுதல் கொள்கிறேன். கிடைத்த தமிழ் வாசகத்தின் சாரம் இது: மைத்துனர் வைப்புச் சான்றைத் தர மறுக்கிறார், மைத்துனர் பிணையாகக் கையெழுத்திட முன்வருகிறார்.

ஒரே மனிதர் மறுத்தும் உதவியும் நிற்கிறாரே என்று குழம்பினேன். மீண்டும் வங்காளமாக்கிச் சோதித்தும் குழப்பம் தீரவில்லை. மைத்துனர் மைத்துனராகவே திரும்பி வந்தார். முரண்பாடு தீரும்வரை கோரிக்கையை நிறுத்தி வைப்பதாகக் குறிப்பு எழுதி, அந்த அம்மையாரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். "மாஷிமா, சற்றுப் பொறுங்கள்" என்று அவரிடம் சொல்லும் அளவுக்கு அப்போது வங்காளம் வந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

மறுநாள் காசாளர் அம்மையார் கடிதத்தை ஒருமுறை படித்தார். "இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், சார். ஒருவர் பாஷூர், மற்றவர் தேவோர்." கணவரின் அண்ணன் பாஷூர்; கணவரின் தம்பி தேவோர். இருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அந்த ஒற்றைச் சொல் வழியாகத் தமிழுக்கு வந்ததும் இருவரும் ஒருவராகிவிட்டனர். போதாக்குறைக்கு, மனைவியின் உடன்பிறந்தவரையே மைத்துனர் என்று கொள்ளும் பழக்கம் என்னிடம் இருந்தது.

சான்றைத் தர மறுத்த தம்பியால் சட்டப்படி எதையும் தடுக்க இயலாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மக்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்கள் இருக்கும்போது இரண்டாம் வகுப்பிலுள்ள சகோதரருக்குப் பங்கு இல்லை. வைப்பு பற்றிய பதிவு வங்கியிடமே இருக்கிறது. அண்ணன் வந்து பிணைக் கையெழுத்திட்டார். உரிய ஆவணங்களுடன் தொகை வழங்கப்பட்டது. தாமதம் ஆறு நாள். முதல் நாளே யாரையாவது கேட்டிருந்தால் அந்த ஆறு நாளும் மிஞ்சியிருக்கும்.

அதன்பின் என் வழக்கம் மாறிற்று. தொகை, தேதி, உறவுமுறை ஆகிய மூன்றும் வரும் இடங்களில் கருவி சொல்வதை ஏற்பதில்லை. மொழி அறிந்த ஒருவரிடம் கேட்டே எழுதுகிறேன். வாடிக்கையாளர்களாகிய தாங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். மொழிபெயர்ப்புத் தளத்தில் இடும் எழுத்து பெரும்பாலும் வேறொரு கணினிக்குச் சென்றே திரும்புகிறது. கணக்கு எண், ஆதார் எண், ஒருமுறைக் கடவுச்சொல் எதையும் அதில் இடக்கூடாது. செயலிகளை அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்தே இறக்குங்கள். மொழிபெயர்ப்புச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். மொழிபெயர்க்க அதற்குத் தங்கள் குறுஞ்செய்தி எதற்கு? பணம் பறிபோயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் நிலைமை தலைகீழ். என் மகள் பள்ளித் தோழியரிடமிருந்து வங்காளத்தை எளிதில் பற்றிக்கொண்டாள். தமிழ் எழுத்துத்தான் நழுவத் தொடங்கியது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அவளுக்கு ஏற்ற பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். அந்த அகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்களின் நூல் தொகுப்பு, எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், அலிப்பூர் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இதை அறிந்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது.

கடித விவகாரம் முடிந்த இரவு, மகளும் நானும் அந்த அகராதியில் உறவுச் சொற்களைத் தேடினோம். கணவனின் தம்பிக்குக் கொழுந்தன். கணவனின் தமையனுக்கு மூத்தார். வங்காளத்தில் இருக்கும் வேறுபாடு தமிழிலும் இருக்கிறது. நான்தான் அந்தச் சொற்களை வழக்கத்தில் கைவிட்டிருக்கிறேன். மேசையில் வைத்திருக்கும் குறிப்பேட்டில் பாஷூர், மூத்தார் என்று ஒரு வரியும், தேவோர், கொழுந்தன் என்று அடுத்த வரியும் எழுதினேன். அதே பக்கத்தின் உச்சியில், முதல் வாரத்தில் எழுதிய வரி அப்படியே இருக்கிறது: எட்டு அல்ல, நான்கு.