இன்சுலேஷனுக்கு முன்னால் ஓட்டையை அடைக்க வேண்டும்

அட்டிக்கில் இன்சுலேஷன் கூட்டினால் ஹீட்டிங் பில் குறையும். ஒட்டாவாவில் எங்கள் வீட்டிலும் குறைந்தது. ஆனால் அந்த முதல் குளிர்காலத்திலேயே, கடுங்குளிர் தணிந்து வெயிலடித்த ஒரு நாளில், மாடிப் படுக்கையறை சீலிங்கில் தண்ணீர் சொட்டியது. பார்க்க வந்த கூரைக்காரர் ஷிங்கிள் முழுவதையும் மாற்றச் சொன்னார். நான் மறுத்துவிட்டு டார்ச்சோடு அட்டிக்கில் ஏறினேன். கூரைப் பலகையின் அடிப்பக்கம் முழுக்க உறைபனி. ஆணி முனைகளிலெல்லாம் பனிக்கட்டி. கூரை ஒழுகவே இல்லை. வீட்டுக்குள்ளிருந்த ஈரம்தான் மேலே போய் உறைந்து, பிறகு உருகியிருக்கிறது.

சூடான காற்று ஈரத்தையும் சுமந்துகொண்டு மேலே எழும். சீலிங் விளக்குகள், மின்கம்பித் துளைகள், குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி, அட்டிக் கதவின் விளிம்பு எல்லாம் அதற்கு வழி. முன்பு வீட்டுச் சூடு கசிந்து அட்டிக் ஓரளவு வெதுவெதுப்பாக இருந்தது. ஆர்-60 வெப்பத்தடை அளவுக்கு செல்லுலோஸ் இன்சுலேஷன் நிரப்பிய பிறகு அட்டிக் வெளிக்குளிரை நெருங்கிவிட்டது. ஓட்டைகளோ அப்படியே கிடந்தன. மேலே தூவும் செல்லுலோஸ் சூட்டைத் தடுக்கும், காற்றுக் கசிவை நிறுத்தாது. ஓட்டைகளை அடைக்காமல் அதைக் கொட்டிவிட்டுப் போனதுதான் எங்களுக்கு அதிகச் செலவு வைத்த தவறு. கேட்டதற்கு, "நீங்கள் நிறைய சமைக்கிறீர்கள்" என்றார் இன்சுலேஷன் போட்ட காண்ட்ராக்டர். இட்லி அவிப்பதை நிறுத்தினால் ஓட்டை மூடிக்கொள்ளாது. நம் அடுப்பின் மேல் பழி போடுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வேறு ஆளை வைத்து, நனைந்த இன்சுலேஷனை அள்ளி வெளியே போட்டு, துளைகளை ஃபோமாலும் சீலன்டாலும் அடைத்தோம். ஃபர்னஸ் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் தகடும் தீ தாங்கும் சீலன்டும். குளியலறை ஃபேனின் குழாய் அட்டிக்குள்ளேயே முடிந்திருந்தது. அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோனோம். கூரை விளிம்பின் அடியில் அடைபட்டிருந்த சாஃபிட் காற்றுவழிகளைத் திறந்து, இன்சுலேஷன் மறுபடி அடைக்காதபடி தடுப்பு வைத்தோம்.

கூரையில் மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்கச் சொல்வார்கள். ஓட்டை இருக்கும்போது அது வீட்டுக் காற்றையே மேலும் உறிஞ்சும், வேண்டாம். மைனஸ் 20-க்குக் கீழே போகும் நாட்களில் வீட்டின் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் வந்ததும், காற்றுக் கசிவை அடைக்கும் வேலை அதில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.