ஊதிப் பார்க்கும் பரிசோதனை: மூச்சு வருத்தம் உள்ளவர்களுக்கு

தொய்வு, இழுப்பு, விடாத இருமல் என்று ஜி.பி.யிடம் போனால், நேர்ஸ் ஒரு கருவியை நீட்டி "ஊதுங்கோ" என்பார். றோட்டில் பொலிஸ் மதுவுக்கு ஊதச் சொல்லும் கருவி இதுவல்ல. பயப்படாமல் ஊதலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. எங்கட ஆட்கள் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

முதலாவது ஃபீனோ. நாம் வெளியே விடும் மூச்சில் நைற்றிக் ஒக்சைட் என்ற வாயு மிகச் சிறிதளவு இருப்பதை 1991இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தொய்வினால் மூச்சுக்குழாய் அழற்சி அடைந்திருந்தால் அந்த அளவு கூடும். நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்று கருவி காட்டும். இங்கிலாந்தில் 2024 நவம்பரில் வந்த வழிகாட்டலின்படி, தொய்வுக்குரிய அறிகுறிகள் உள்ள பெரியவருக்கு 50 அல்லது அதற்கு மேல் வந்தால் தொய்வு என்று முடிவு செய்யலாம். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு அது 35. குறைவாக வந்தால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. வேறு பரிசோதனை செய்வார்கள்.

இதில் பலம் காட்டக் கூடாது. ஆழமாக மூச்சை இழுத்து, சுமார் 10 செக்கன் ஒரே சீராக, மெதுவாக ஊத வேண்டும். அதற்கு முன் ஒரு மணித்தியாலம் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். பீற்றூட், கீரை அளவைக் கூட்டிவிடும். சிகரெட் குறைத்துவிடும். ஸ்ரெரொயிட் பம்பும் அப்படித்தான். ஆகவே புகைப்பதை வெட்கப்பட்டு மறைத்தால் பிழையான முடிவு வரும், நட்டம் உங்களுக்குத்தான்.

மற்றது ஸ்பைரோமெற்றி. இதில் மாறாக, முழுப் பலத்தோடு வேகமாக ஊதி நுரையீரலை வெறுமையாக்க வேண்டும். பம்ப் தந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் ஒரு செக்கனில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தால், சி.ஓ.பி.டி. எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். இந்நோயை ஃபீனோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அண்மையில் மாரடைப்போ கண் சத்திரசிகிச்சையோ நடந்திருந்தால் ஊத முன் சொல்லுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சிகரெட் குடிப்பீர்களா என்றுதான் கேட்பார்கள். ஆனால் வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் சமைத்த அம்மாமாருக்கும் இந்நோய் வரும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இப்போது இருக்கும் அறையில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இருமலோடு இரத்தம், இராவில் வியர்வை, உடல் மெலிவு இருந்தால் ஊதிப் பார்த்தால் போதாது. காசநோய்க்கு எக்ஸ்றேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும். இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சை எல்லாருக்கும் இலவசம்.

ஜி.பி.யில் பதிய விசாவோ விலாச அத்தாட்சியோ அவசியமில்லை. நாள் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசில்லை. பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் பம்பும் இலவசம். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு வசனம் பேசி முடிக்க முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால் நாள் பார்த்துக் காத்திருக்காமல் 999க்கு அடியுங்கள்.