விழுந்தும் எழுந்தவர்

அமெரிக்க நாட்டின் மாண்டானா மாநிலத்தில் பியூட் என்னும் ஊர் உள்ளது. செப்புச் சுரங்கங்களால் பெயர்பெற்ற அவ்வூரில் 1938ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் ராபர்ட் கிரேக் கனீவல் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டமையால் தாத்தாவும் பாட்டியும் அவரை வளர்த்தனர். எட்டாம் வயதில் கண்ட மோட்டார் வாகனச் சாகசக் காட்சி ஒன்று அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் ‘ஈவல் கனீவல்’ என்று உலகம் அவரை அழைத்தது.

சுரங்கத்தில் உழைத்த அவர், பின்னர் மோட்டார் சைக்கிள் விற்பனையில் ஈடுபட்டார். கடைக்கு மக்களை ஈர்க்க, 1965இல் நச்சுப் பாம்புகள் நிறைந்த பெட்டியையும் இரண்டு மலைச் சிங்கங்களையும் வண்டியில் தாவிக் கடக்க முனைந்தார். வண்டியின் பின்சக்கரம் பாம்புப் பெட்டியில் இடித்தது. ஆயினும் அவர் உயிர் தப்பினார்.

இத்தகைய தாவலுக்கு இரண்டு சாய்தளங்கள் தேவை. ஒன்றின்மீது விரைந்து ஏறும் வண்டி காற்றில் எழுந்து மற்றொன்றில் இறங்கும். வேகம் குறைந்தால் இறங்குதளத்தை எட்டாது. மிகுந்தால் அதனைக் கடந்துவிடும். தரையை விட்டு எழுந்தபின் வேகத்தைக் கூட்ட வழியில்லை.

இவ்வுண்மையை 1967ஆம் ஆண்டின் இறுதி நாள் உணர்த்தியது. லாஸ் வேகாஸ் நகரில் ஒரு விடுதியின் நீரூற்றுகளுக்கு மேலே 141 அடி தொலைவு தாவினார் கனீவல். வண்டி சற்றே முன்னதாக இறங்கியது, கைப்பிடி நழுவியது, அவர் தூக்கியெறியப்பட்டார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின. அவ்வீழ்ச்சியின் படக்காட்சியே அவரை நாடறியச் செய்தது.

1974இல் ஐடஹோ மாநிலத்துப் பாம்பாற்றுப் பள்ளத்தாக்கை, நீராவியால் இயங்கும் ஊர்தியில் கடக்க முயன்றார். புறப்பட்டவுடனே வான்குடை விரிந்துவிட்டமையால் ஊர்தி பள்ளத்தாக்கின் அடியில் இறங்கியது. மறு ஆண்டு மே மாதம் லண்டன் வெம்பிளி அரங்கில் 13 பேருந்துகளைத் தாவியபோது மீண்டும் விழுந்தார். எலும்பு முறிந்த நிலையிலும் பிறர் தோள்பற்றி எழுந்து, இனித் தாவப்போவதில்லை என அறிவித்தார். எனினும் ஐந்து திங்களில் ஒஹாயோ மாநிலத்தில் 14 பேருந்துகளைத் தாவி வென்றார்.

வீழ்ச்சிகள் பறிக்காத புகழைச் சினம் பறித்தது. தம்மைப் பற்றி நூல் எழுதியவரை 1977இல் மட்டையால் தாக்கி, அவர் கையை முறித்தார். அதற்காகச் சிறை சென்றார். அவர் பெயரைக் கொண்டு பொருள் விற்ற நிறுவனங்கள் விலகின. சிறுவர் விரும்பி வாங்கிய அவர் உருவப் பொம்மையின் விற்பனையும் நின்றது.

பலமுறை விழுந்த அவர் ஒன்றை மட்டும் விடாது வலியுறுத்தினார். தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டலாகாது என்பதே அது. 1987இல் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் தோன்றித் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஆதரித்தார். 2007ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் 69ஆம் வயதில் அவர் மறைந்தார். அஞ்சாமல் தாவியவரே காப்பின் அருமையையும் எடுத்துரைத்தார் என்பது எண்ணத்தக்கது.

அருஞ்சொற்பொருள்

சாகசம் – துணிகரச் செயல்
சாய்தளம் – சரிவாக அமைந்த மேடை
வான்குடை – வானிலிருந்து மெல்ல இறங்க உதவும் குடை போன்ற கருவி
திங்கள் – மாதம்
சினம் – கோபம்

வினாக்கள்

1. கனீவல் முதன்முதலில் தாவிக் காட்டியதன் நோக்கம் யாது?
2. காற்றில் எழுந்தபின் தவற்றைத் திருத்த இயலாதது ஏன்?
3. ‘வீழ்ச்சிகள் பறிக்காத புகழைச் சினம் பறித்தது’ – விளக்குக.
4. துணிவுள்ளவருக்கும் தலைக்கவசம் தேவையா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.