ஃபார்மட் கொடுப்பதற்கு முன்

வெளி ஹார்ட் டிஸ்க்கை முதன்முதலாக ஃபார்மட் செய்யப்போகும் பிள்ளைகளுக்கு:

1. உள்ளே இருப்பதை முதலில் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். எடுத்ததோடு விடாமல், அந்தக் காப்பியிலிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள். ஒரு வீடியோவைக் கடைசிவரை ஓட்டுங்கள். பாதியில் நின்றுபோன காப்பியிலும் ஃபோல்டர் பெயர் ஒழுங்காகத்தான் தெரியும். தாத்தாவின் குரல் பதிவை மறுபடி எங்கே போய் வாங்குவீர்கள்?

2. டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். ஈ, எஃப் என்பதெல்லாம் செருகும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடும். கொள்ளளவைப் பாருங்கள். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். அது குறையில்லை, தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. மற்ற பென் டிரைவ்களையெல்லாம் கழற்றிவிட்டு உட்காருங்கள். எல்லாவற்றிலும் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

3. டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். மேக்கில் பயன்படுத்திய டிஸ்க்குக்கும் பல நேரம் அப்படிக் கேட்கும். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். மேக் டிஸ்க் இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றி, தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

4. ஃபைல் சிஸ்டம் எது என்று முடிவு செய்யுங்கள். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. இரண்டுக்கும் வேண்டுமென்றால் 2006இல் வந்த எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. பழைய டிவிக்குத் தேவைப்பட்டால் மட்டும் அது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் சேதம் பெரிதாகலாம்.

5. பிறகு அந்த டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக், ஃபார்மட், ஸ்டார்ட்.

6. குவிக் ஃபார்மட் சில நொடியில் முடியும். சுழலும் டிஸ்க்கில் அது கோப்புகளின் அட்டவணையை மட்டுமே புதிதாக்குகிறது. கோப்புகள் அப்படியே கிடக்கும், மீட்கும் மென்பொருள் எடுத்துவிடும். டிஸ்க்கை விற்கப்போகிறீர்கள் என்றால் குவிக் டிக்கை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. 1 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். லேப்டாப்பில் சார்ஜர் இருக்கட்டும், ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள்.

7. தவறிப்போய்க் குவிக் ஃபார்மட் கொடுத்துவிட்டால் அழ வேண்டாம். அந்த டிஸ்க்கில் ஒரு கோப்பும் எழுதாமல் கழற்றி வையுங்கள். எஸ்எஸ்டியில் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. சுழலும் டிஸ்க்கில், மேலே எதுவும் எழுதாதவரை, பெரும்பாலும் மீட்டுவிடலாம்.