நிலமறிந்து நிலைநாட்டு

நுழையும்முன்

ஒரு கட்டடத்தின் உயரத்தையும் அழகையும் கண்டு வியப்போர் பலர். அது எத்தகைய மண்ணின்மீது நிற்கிறது என எண்ணிப்பார்ப்போர் சிலரே. நிலநடுக்கம் சுவரையும் தூணையும் மட்டும் சோதிப்பதில்லை; அவற்றைத் தாங்கும் மண்ணையும் சேர்த்தே சோதிக்கிறது. இளகிய நிலத்தில் எழுப்பப்பட்ட கட்டடங்கள் நிலநடுக்கத்தின்போது எவ்வாறு நடந்துகொள்கின்றன, அவற்றைக் காக்கும் வழிகள் யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கடைக்கால் என்னும் உறவு

அடித்தளத்திற்குத் தமிழில் ‘கடைக்கால்’ என்றொரு பெயருண்டு. கடைக்காலுக்குப் பள்ளம் எடுப்பதை ‘வானம் தோண்டுதல்’ என்று கட்டுமானத் தொழிலாளர்கள் கூறுவர். கட்டடத்தின் சுமையை மண்ணுக்கு மாற்றித் தருவதே கடைக்காலின் பணி. அமைதியான நாளில் இச்சுமை கீழ்நோக்கி மட்டுமே செல்கிறது. நிலம் நடுங்கும்போதோ மண்ணின் அசைவு கடைக்கால் வழியே மேலேறிக் கட்டடத்தை உலுக்குகிறது. எனவே, கடைக்கால் என்பது மண்ணும் கட்டடமும் ஒன்றையொன்று தாக்கும் இடமுமாகும்.

ஏரியின்மேல் எழுந்த நகரம்

மெக்சிகோ நகரத்தின் மையப்பகுதி முற்காலத்தில் ஓர் ஏரி. அந்த ஏரித்தீவில் ஆஸ்டெக் மக்கள் தம் தலைநகரை அமைத்திருந்தனர். 1521இல் அந்நகரைக் கைப்பற்றிய ஸ்பானியர், அதன் இடிபாடுகள்மீதே புதுநகரை எழுப்பினர். பின்னர் ஏரிநீர் சிறிதுசிறிதாக வடிக்கப்பட்டது. நீர் மறைந்தாலும் ஏரியின் அடியில் படிந்த களிமண் மறையவில்லை. உலர்மண்ணின் நிறையைப்போல் இரு மடங்குக்கும் மேலான நீரை அக்களிமண் தன்னுள் வைத்திருந்தது.

1985 செப்டம்பர் 19 அன்று காலை, பசிபிக் கடற்கரையையொட்டி 8.0 அளவுடைய நிலநடுக்கம் தோன்றியது. அதன் மையம் நகரிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அத்தொலைவைக் கடந்துவந்த அலைகள் வலுவிழந்தே நகரை அடைந்தன. நகரின் பாறைப்பாங்கான பகுதிகளில் சேதம் குறைவு. பழைய ஏரிப்படுகையிலோ நூற்றுக்கணக்கான கட்டடங்கள் வீழ்ந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பாறையில் பதிவான அதிர்வைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிர்வு களிமண்ணின்மேல் பதிவாயிற்று.

இவ்வேறுபாடு ஏன் ஏற்பட்டது? ஊஞ்சலை அதன் போக்கறிந்து உரிய நேரத்தில் தள்ளினால், சிறு விசைகூட அதனை உயரச் செலுத்தும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை அசைந்து மீள்வதற்கென இயல்பான கால அளவு உண்டு. அதனை அலைவு நேரம் என்பர். ஏரிப்படுகைக் களிமண்ணின் அலைவு நேரம் ஏறத்தாழ இரண்டு நொடி. வந்தடைந்த அலைகளுள் அக்கால அளவுக்கு இசைந்தவற்றைக் களிமண் பெருக்கியது.

பத்து மாடிக் கட்டடத்தின் அலைவு நேரம் பொதுவாக ஒரு நொடியளவில் அமையும். இளகிய மண்ணில் நின்றதாலும் அசைவினால் விரிசல் கண்டதாலும் நடுத்தர உயரக் கட்டடங்களின் அலைவு நேரம் நீண்டு, களிமண்ணின் அலைவு நேரத்தை நெருங்கியது. இதுவே ஒத்ததிர்வு. ஆறு முதல் பதினைந்து மாடிவரை உயர்ந்த கட்டடங்களே மிகுதியாகச் சிதைந்ததற்கு இது முதன்மையான காரணம்.

நீராய் மாறிய மண்

களிமண் அதிர்வைப் பெருக்குகிறது. தளர்ந்த ஈரமணலோ வேறுவகையில் ஏமாற்றுகிறது. மரக்காலில் நெல்லைக் கொட்டிப் பக்கவாட்டில் தட்டினால் நெல் இறுகிக் கீழிறங்குவதைக் கண்டிருப்பீர்கள். நிலநடுக்கத்தின்போது தளர்ந்த மணலும் அவ்வாறே இறுக முயல்கிறது. ஆனால், மணல்துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்திருந்தால், அது நொடிப்பொழுதில் வெளியேற இயலாது. துகள்கள் தாங்கிய சுமையை நீர் ஏற்கிறது, நீரழுத்தம் உயர்கிறது, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது. திடமாய் இருந்த நிலம் குழம்பு போலாகிறது. இந்நிகழ்வை ‘மண் நீர்மமாதல்’ என்பர்.

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நகரில் 7.5 அளவுடைய நிலநடுக்கம் நேர்ந்தது. சினானோ ஆற்றங்கரையில் நான்கு மாடிக் குடியிருப்புகள் சில வரிசையாக நின்றன. அடியிலிருந்த மணல் தாங்கும் வலிமையை இழக்கவே அவை சாய்ந்தன. அவற்றுள் ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. ஆயினும் சுவர்கள் உடையவில்லை. பின்னர் அவற்றுள் சில நிமிர்த்தப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. கட்டடம் பிழை செய்யவில்லை. மண் கைவிட்டது என்பதை உலகிற்கு உணர்த்திய காட்சி அது.

தெரிந்து தெளிவோம்

கடற்கரையில் ஈரமணலின்மீது நின்று காலை விரைவாக அசைத்துப் பாருங்கள். உறுதியாக இருந்த மணல் இளகி, நீர் மேலே கசியும், பாதம் புதையும். மண் நீர்மமாதலின் சிறுவடிவம் இது.

தூண்கள் மட்டும் போதுமா?

மேல்மண் இளகியிருந்தால், கட்டுமானத் துறையினர் ‘பைல்’ என அழைக்கும் நிலத்தூண்களை ஆழமாக இறக்கிக் கட்டடத்தை அவற்றின்மீது நிறுத்துவர். சில தூண்கள் கீழுள்ள கெட்டியான அடுக்கில் ஊன்றி நிற்கும். சில, சுற்றியுள்ள மண்ணின் உராய்வால் மட்டுமே சுமையைத் தாங்கும். 1985இல் மெக்சிகோவில் உராய்வையே நம்பியிருந்த பல கடைக்கால்கள் அமிழ்ந்தன; பல மாடிக் கட்டடம் ஒன்று தன் தூண்களோடு பெயர்ந்து கவிழ்ந்தது.

கெட்டியான அடுக்கை எட்டிய தூணுக்கும் இடருண்டு. நீர்மமான மண் சரிவை நோக்கியோ ஆற்றை நோக்கியோ பக்கவாட்டில் நகரும்போது தூணையும் வளைக்கிறது. நீகாட்டாவில் ஒளிபரப்பு நிறுவனக் கட்டடம் ஒன்று நிலநடுக்கத்திற்குப் பின்னும் பயன்பாட்டில் இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அங்கே நிலத்தை அகழ்ந்தபோது, அதனைத் தாங்கிய தூண்கள் முறிந்திருந்தமை தெரியவந்தது. மேலே வாழ்வு இயல்பாக நடந்துகொண்டிருக்க, கீழே கடைக்கால் உடைந்து கிடந்தது! 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்திலும், கண்ட்லா துறைமுகத்தில் நிலத்தூண்கள்மீது நின்ற அலுவலகக் கோபுரம் ஒருபுறம் சாய்ந்தது.

வெல்லும் வழிகள்

இளகிய நிலத்தில் கட்டவே கூடாதா? அவ்வாறில்லை. மெக்சிகோவின் அதே களிமண்மீது 1956இல் கட்டி முடிக்கப்பட்ட நாற்பத்து நான்கு மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம், 1957, 1985 ஆகிய ஆண்டுகளின் நிலநடுக்கங்களைத் தாங்கி நின்றது. அதன் தூண்கள் முப்பது மீட்டருக்கும் கீழேயுள்ள உறுதியான மணலடுக்கில் ஊன்றப்பட்டவை. நிலத்தடி அறைகளுக்காக அகற்றப்பட்ட மண்ணின் எடை, கட்டடச் சுமையின் ஒரு பகுதியை ஈடுசெய்தது. அதன் அலைவு நேரமும் களிமண்ணின் அலைவு நேரத்திலிருந்து விலகியிருந்தது.

மண்ணையும் திருத்தலாம். அதிர்வுக் கருவிகளால் தளர்ந்த மணலை முன்கூட்டியே இறுக்கலாம். சரளைக்கல் தூண்களை அமைத்து நீர் விரைந்து வெளியேற வழிசெய்யலாம். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, கடலை நிரப்பி உருவாக்கிய தீவுகளில் இவ்வாறு இறுக்கப்பட்ட இடங்கள், இறுக்கப்படாத இடங்களைவிட மிகக் குறைவாகவே அமிழ்ந்தன.

இவற்றுக்கெல்லாம் முதற்படி மண் ஆய்வு. நிலத்தில் துளையிட்டு, 63.5 கிலோகிராம் எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும்மீண்டும் விழச்செய்து, குழாயொன்றை மண்ணுள் இறக்குவர். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என எண்ணுவர். எண்ணிக்கை குறைந்தால் மண் தளர்ந்தது எனலாம். எளிய சோதனைதான், ஆனால், அந்த எண் பல உயிர்களின் பாதுகாப்பை உறுதிசெய்ய உதவுகிறது.

ஏரி தூர்ந்தாலும் அதன் சேறு நிலத்தடியில் நிலைத்திருக்கிறது. ஆறு திசைமாறினாலும் அதன் மணல் பழைய தடத்திலேயே கிடக்கிறது. மனிதர் மறந்த அவ்வரலாற்றை நிலநடுக்கம் நினைவூட்டுகிறது. அது நினைவூட்டும்முன் நாமே கேட்டறிதல் அறிவுடைமை. வீடு கட்டுமுன் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை மாடி?’ என்பதன்று, ‘இந்நிலம் முன்பு என்னவாக இருந்தது?’ என்பதே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முன்பு ஏரி, குளம், வாய்க்கால் இருந்து தற்போது குடியிருப்புகளாக மாறியுள்ள இடங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. ‘கட்டடம் பிழை செய்யவில்லை, மண் கைவிட்டது’ – நீகாட்டா நிகழ்வைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.
3. களிமண்ணும் ஈரமணலும் நிலநடுக்கத்தின்போது நடந்துகொள்ளும் முறைகளை ஒப்பிட்டு எழுதுக.